நாய் படுத்த இடத்தில் ஈரம்

கருத்தடை செஞ்ச பெண் நாய் தூங்கி எழுந்த இடத்துல உள்ளங்கை அளவு ஈரமா? அதட்டாதீங்க, அதுக்குத் தெரிஞ்சு போறதில்ல. ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன் குறைஞ்சு மூத்திரக்குழாயை இறுக்கிப் பிடிக்கிற தசை தளர்ந்துடுது, படுத்ததும் கசியும். விழிச்சிருக்கும்போது முக்கி முக்கிச் சொட்டினா கதை வேற, கிருமித்தொற்றோ கல்லோ இருக்கலாம். முக்கியும் சொட்டே வரலைன்னா அப்பவே டாக்டர்கிட்ட ஓடணும்.

தண்ணியை மட்டும் நிறுத்திடாதீங்க! அளந்து ஊத்தி, 24 மணி நேரம் கழிச்சு மிச்சத்தைக் கழிங்க. எடையில கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல குடிச்சிருந்தா சர்க்கரை, சிறுநீரகம் ரெண்டையும் பார்க்கணும். காலையில முதல் மூத்திரத்தைச் சுத்தமான கரண்டியில பிடிச்சு, ஃப்ரிட்ஜில வெச்சு, சில மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்ட பரிசோதனைக்குக் கொடுங்க.

தசைத் தளர்ச்சிதான்னா ஃபீனைல்புரோப்பனோலமைன்ங்கிற மருந்து பெரும்பாலும் நல்லா கேட்கும். ஆனா ரத்த அழுத்தம் பார்க்காம ஆரம்பிக்கக் கூடாது. தொடையிடுக்கு முடியை ஒட்ட வெட்டி, கழுவி உலர்த்துங்க. ஈரத்துலயே கிடந்தா தோல் வெந்துடும்.