பாக்ஸ்டர்: பேரிங் கையில், வண்டி ஸ்டாண்டில்

நேற்று ராத்திரி 11:40க்கு ‘டொக்’ என்று ஒரு சத்தம். எதையோ உடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பார்த்தால், இருபது வருஷத்துக்கும் மேலாக எஞ்சினுக்குள் கிடந்த ஐஎம்எஸ் பேரிங் (இன்டர்மீடியட் ஷாஃப்ட், அதாவது இடைத்தண்டைத் தாங்குவது), அதை இழுத்தெடுக்கும் புல்லரோடு சேர்ந்து கையில் வந்திருக்கிறது. மூன்று வார இறுதி, இரண்டு நாள் லீவு, ஒரு பிளையர் காலி. சந்தோஷத்தில் கத்தியதில் மாடியில் தூங்கிக்கொண்டிருந்த பொண்ணு எழுந்துவிட்டாள். அதற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

வண்டி 2001 போர்ஷே பாக்ஸ்டர், 2.7 லிட்டர், ஐந்து கியர் மேனுவல். சேசிஸ் நம்பரில் 11வது எழுத்து ‘யு’. அதாவது ஜெர்மனியில் பிறக்கவில்லை, ஃபின்லாந்தில் ஊசிகாப்புங்கி என்ற ஊரில் வால்மெட் ஆலையில் செய்தது. பேர் சொல்லும்போதே ஊசியும் காப்பும் நினைவுக்கு வருவதால் எனக்கு அந்த ஊர் மேல் தனிப் பாசம். புதிதாக 40 ஆயிரம் டாலருக்கு மேல் விற்ற வண்டியைப் போன வருஷம் இங்கே நியூ ஜெர்சியில் 9,800க்கு வாங்கினேன். வண்டியின் விலை இறங்கிய விஷயத்தை அதன் பார்ட்ஸ்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

அக்டோபரில் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. பெரிய ஷோரூம் ஒன்றில் கேட்டேன். கிளட்ச், ரியர் மெயின் சீல் (எஞ்சினின் பின்முனையில் ஆயில் கசியாமல் தடுப்பது), ஐஎம்எஸ் பேரிங் எல்லாம் சேர்த்து 5,600 டாலர். வண்டி விலையில் பாதிக்கு மேல். அவர்கள் கொடுத்த மதிப்பீட்டுச் சீட்டை உற்றுப் பார்த்தால் பார்ட்ஸ் ஒரு பங்கு, கூலி இரண்டு பங்கு. ‘கூடவே செய்துவிடலாம்’ என்று கூலண்ட் டேங்க் வேறு ஒரு வரி தனியாக. அந்த வரியை நான் படிக்கவே இல்லாத மாதிரி மடித்து வைத்துக்கொண்டேன்.

இந்த எஞ்சினைத் தெரியாதவர்களுக்கு மட்டும் நாலு வரி. எம்96 என்ற இந்த எஞ்சினில் கிராங்குக்குக் கீழே ஒரு இடைத்தண்டு ஓடுகிறது, ஐஎம்எஸ் என்பது இதுதான். அதிலிருந்துதான் செயின் வழியாக, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டுகள் சுழல்கின்றன. தண்டின் ஒரு முனை எண்ணெயிலேயே ஊறும், மணி இல்லாத சாதாரண புஷ். ஃப்ளைவீல் பக்கத்து முனை, கிரீஸ் அடைத்து மூடிய பால் பேரிங். எஞ்சின் ஆயில் மெல்ல மெல்ல சீலுக்குள் புகுந்து கிரீஸைக் கழுவிவிடுகிறது. பேரிங் போனால் டைமிங் போகும், வால்வும் பிஸ்டனும் மோதும், அதற்கப்புறம் வேறு எஞ்சின்தான். அதற்கு ஆகும் செலவில் இதே மாதிரி இன்னொரு வண்டி வாங்கலாம். அமெரிக்காவில் இது வழக்காகி, 2001 முதல் 2005 வரையான மாடல்களுக்குச் சமரசம் வரை போனது. அந்த வழக்கில் வெளியே வந்த கணக்குதான் எல்லோரும் சொல்வது: பேரிங் பழுதாவது, மணிகள் இரண்டு வரிசையாக உள்ள இரட்டை வரிசை பேரிங்கில் 1 சதவீதத்துக்கும் கீழே, ஒற்றை வரிசையில் 8 சதவீதம்.

இங்கேதான் என் முட்டாள்தனம். 2000, 2001 வண்டிகளில் இரண்டு வகையும் கலந்து வந்திருக்கிறது. ஃப்ளைவீலைக் கழற்றிப் பார்த்தால்தான் எது என்று உறுதியாகத் தெரியும். திறந்து பார்க்கும்வரை கிட் வாங்காதே என்று எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறார்கள். நானோ நவம்பர் தள்ளுபடியைப் பார்த்ததும் நல்லதையே நினைப்போம் என்று இரட்டை வரிசை கிட்டை ஆர்டர் செய்துவிட்டேன். திறந்தால் ஒற்றை. திருப்பி அனுப்பியதில் 15 சதவீதம் பிடித்தம். விற்றவனைக் குறை சொல்ல வழியில்லை, கொட்டை எழுத்தில்தான் போட்டிருந்தான்.

கியர்பாக்ஸ் இறக்கிய கதையை நீட்டவில்லை. கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்க்கும் பெல்ஹவுசிங்கின் மேல் பக்கத்து இரண்டு போல்ட், கண்ணுக்கே தெரியாது. எக்ஸ்டென்ஷனை ஒன்றோடு ஒன்று மாட்டி, தடவித் தடவித்தான் கழற்ற வேண்டும். முன்னால் திறந்தால் டிக்கி, பின்னால் திறந்தாலும் டிக்கி, எஞ்சின் எங்கேடா என்று கேட்கிற வண்டியில் இதற்கு மேல் என்ன எதிர்பார்ப்பது.

கழற்றுவதற்கு முன்னால் பழைய ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்தேன். செயின் கைடின் பழுப்பு பிளாஸ்டிக் துணுக்கு இரண்டு, மினுமினுப்பு எதுவும் இல்லை. மினுங்கியிருந்தால் புது பேரிங் போட்டும் பிரயோஜனம் இல்லை, அந்தத் தூள் எஞ்சின் முழுக்கப் போயிருக்கும். கிராங்க் புல்லியில், பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் ‘ஓ.டி.’ குறியை நேராகக் கொண்டுவந்து பின் போட்டுப் பூட்டினேன். கேம் முனையின் பச்சை மூடிகளை ஸ்க்ரூடிரைவரால் குத்தி எடுத்துக் காடி சரியான பக்கம் பார்க்கிறதா என்று பார்த்தேன். பார்க்கவில்லை. பின்னை எடுத்து இன்னொரு முழுச் சுற்று. அப்புறம் கேம் பூட்டு, அப்புறம் செயினை இறுக்கிப் பிடிக்கும் மூன்று டென்ஷனர்களைக் கழற்றினேன். மூன்றையும் தனித்தனி ஜிப்லாக் பையில் போட்டு எங்கிருந்து வந்தது என்று எழுதிவைத்தேன். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாறிவிட்டால் போச்சு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்: சர்க்ளிப், அதாவது காடிக்குள் உட்கார்ந்து பேரிங்கை வெளியே வராமல் பிடிக்கும் வெட்டு வளையம். இரட்டை வரிசையில் உள்ளே ஒரு கம்பி வளையம்தான், புல்லர் இழுக்கிற இழுப்பில் அதுவே விட்டுக்கொடுத்துவிடும். ஒற்றை வரிசையில் பேரிங்குக்கு முன்னால் ஒரு சர்க்ளிப். அதை எடுக்காமல் இழுத்தால் பேரிங் வராது, தண்டுதான் கெடும். வீடியோவில் அதை எடுக்கிறவர் நாலு நொடியில் எடுக்கிறார். அவர் வண்டி லிஃப்டில் தலைக்கு மேலே நிற்கிறது. என் வண்டி ஸ்டாண்டில், என் மூக்குக்கும் எஞ்சினுக்கும் ஒரு சாண் இடைவெளி.

மல்லாந்து படுத்துக்கொண்டு, நெற்றியில் டார்ச் கட்டி, ஓட்டைக்குள் பிளையரை விடுகிறேன். ஓட்டையிலிருந்து ஆயில் நிற்காமல் கசிந்து முழங்கை வழியாக அக்குள்வரை வருகிறது. வாங்கி வைத்திருந்த பிளையரின் முனை சர்க்ளிப் காதின் துளையை விடத் துளி தடிமன். தடிமனான முனையையே அழுத்தி நுழைத்துப் பார்த்தேன், வளைந்துவிட்டது. அன்றைக்கு வேலை அதோடு சரி. மறுநாள் புது பிளையர் வாங்கி, இரண்டு முனையையும் நகம் தேய்க்கிற அரத்தால் தேய்த்தேன் (மனைவியுடையது, இதைப் படிக்க மாட்டாள்). தேய்ப்பதும் ஓட்டையில் வைத்துப் பார்ப்பதும் திரும்பத் தேய்ப்பதுமாக ஒரு மணி நேரம். ஒருவழியாக உள்ளே போனது. அழுத்தினேன், வளையம் சுருங்கியது, வழுக்கியது, பழையபடி காடிக்குள் உட்கார்ந்துகொண்டது. ஏழு தடவை. எட்டாவது தடவை அழுத்திப் பிடித்தபடியே ஒரு பக்கத்தைக் கொக்கி ஊசியால் நெம்பினேன். ஒரு காது காடியை விட்டு வெளியே வந்தது. அப்படியே பிடித்துக்கொண்டு மூச்சு விட்டேன். மறு காதும் வந்தது. விரலால் எண்ணெயைத் துடைத்துப் பார்த்தால் கீறல்கூட இல்லை.

அதற்கப்புறம் புல்லர் வேலை சொகுசு. நடுத் திருகில் மாட்டி, கிண்ணத்தை எஞ்சின் பாடியில் அண்டக் கொடுத்து, நட்டைச் சுற்றினேன். கனம் ஏறிக்கொண்டே போய் ‘டொக்’. புல்லர் செட்டை வேறொரு பாக்ஸ்டர்காரரிடம் பழசாக வாங்கினேன், வேலை முடிந்ததும் அடுத்தவருக்கு விற்றுவிடுவேன். இந்த செட் இப்படியே நியூ ஜெர்சியைச் சுற்றி வருகிறது போல.

பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றினேன். லேசான கரகரப்பு. சீலைக் கத்தி முனையால் கிளப்பினால் கிரீஸ் சுவடே இல்லை, கறுத்த ஆயில், நாற்றம் வேறு. மணிகளில் குழி விழவில்லை. இன்னும் எத்தனை வருஷம் ஓடியிருக்குமோ, தெரிந்துகொள்ளும் ஆசை எனக்கு இல்லை.

காலையில் கோயம்புத்தூருக்கு வீடியோ கால். மாமா அங்கே கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், பம்ப்செட் வேலையிலேயே தலை நரைத்தவர். பேரிங்கைக் காட்டினேன். கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டு கிட்டே பார்த்தார்.

“ஏங்கண்ணு, நம்ம மோட்டார்ல போடற பேரிங்காட்டமே இருக்குது. இதுக்கா அவ்ளோ காசு கேட்டான்?”

“பேரிங்குக்கு இல்லீங் மாமா, அதுகிட்ட போய்ச் சேர்றதுக்கு.”

“அப்ப எவனோ டிசைன் பண்ணவன் வண்டிக்கு அடியில படுத்ததே இல்ல,” என்றார்.

ஒற்றை வரிசைக்கான செராமிக் ஹைபிரிட் (மணிகள் செராமிக், வளையங்கள் எஃகு) கிட், இல்லினாய்ஸ் மொமென்ஸில் இருக்கும் எல்என் எஞ்சினியரிங் செய்தது, வியாழக்கிழமை வருகிறது. புது பேரிங்கை ஃப்ரீசரில் வைத்துக் குளிர்வித்துத்தான் அடிக்க வேண்டும். மீன் வைக்கிற தட்டில் வைக்கக் கூடாது என்று இப்போதே உத்தரவு வந்துவிட்டது. கூடவே புது ஃப்ளைவீல் போல்ட் சொல்லியிருக்கிறேன், பழசை மறுபடி போடுவதில்லை: 25 நியூட்டன் மீட்டர் முறுக்கி, மேலே 120 டிகிரி. ரியர் மெயின் சீலும் புதுசு. டெஃப்லான் வகை, எண்ணெய் தடவாமல் காய்ந்தபடியே போட வேண்டும். பழக்கதோஷத்தில் விரல் ஆயில் டப்பாவுக்குப் போகும் என்று சீல் பெட்டி மேலேயே ‘தடவாதே’ என்று எழுதி ஒட்டிவிட்டேன்.

காத்திருக்கிற நேரத்தில் மடித்து வைத்த அந்தச் சீட்டைப் பிரித்தேன். கூலண்ட் டேங்க் நிஜமாகவே வெடிப்பு விட்டிருக்கிறது, பின் டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கினால் வெள்ளைப் படிவு. டேங்க் இறங்கினால் ஹோஸ், ஹோஸைத் தொட்டால் கிளாம்ப், அப்படியே வாட்டர் பம்ப்பும் பார்த்துவிடலாமே என்று ஏற்கெனவே கார்ட்டில் மூன்று சாமான் ஏறிவிட்டது. ஆர்டர் மட்டும் போடவில்லை. வாட்டர் பம்ப்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் உலோகமா பிளாஸ்டிக்கா என்ற சண்டையில் நான் பிளாஸ்டிக் கட்சி. உடைந்தால் பிளாஸ்டிக் உடையட்டும், எஞ்சின் பாடியைச் சுரண்ட வேண்டாம்.

பேரிங் இருந்த ஓட்டையில் சுத்தமான துணி அடைத்திருக்கிறது. கிராங்க் புல்லி மேல் ‘தொடாதே’ என்று சிவப்பு டேப். கராஜ் முழுக்க பாக்ஸ்டர் பரப்பிக் கிடப்பதால் எங்கள் குடும்ப வண்டி ஒடிஸி வெளியே நிற்கிறது. தினம் காலை ஆறரைக்கு அதன் கண்ணாடியில் பனி சுரண்டுவது யார் வேலை என்பதில் வீட்டில் விவாதமே இல்லை.