மடுவில் கட்டிய லயங்கள்

மண்சரிவு அபாய வரைபடத்துக்காகத் தேயிலைத் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குவது என் வேலை. பெரும்பாலும் இலங்கையின் பதுளை மாவட்டம். அப்புத்தளை, கொஸ்லந்தை, பூனாகலைப் பக்கம். புதிதாக ஒரு தோட்டத்துக்குப் போனால் முதலில் எதிர் மலையில் நின்று, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்கள் எங்கே இருக்கின்றன என்று பார்ப்பேன். பல இடங்களில் ஒரே காட்சிதான். தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களா மேட்டில், பாறைப் பிடிப்புள்ள இடத்தில். லயங்கள் கீழே மடுவில், மலைப் பள்ளத்தில்.

அந்த மடு எப்படி உண்டானது என்று தெரிந்தால் வயிற்றைக் கலக்கும். மலைநாட்டின் அடிப்பாறை 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. வெயிலும் மழையும் அதைப் பல இடங்களில் ஆழம்வரை உக்க வைத்து மண்ணாக்கிவிட்டன. பெருமழையில் அந்த மண்ணும் கல்லும் சரிந்து வந்து பள்ளத்தில் தங்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அப்படிச் சேர்ந்த குவியல்தான் பல மடுக்களில் நாம் காணும் சாய்வு குறைந்த நிலம். வீடு கட்ட வாகான இடம், பக்கத்திலேயே ஊற்றுத் தண்ணீர். ஆனால் ஏற்கெனவே ஒருமுறை சரிந்த மண் அது. மலையின் தண்ணீரெல்லாம் அடியில் வந்து கூடுவதும் அங்கேதான்.

19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகக் காட்டை வெட்டினார்கள். 1869இல் இலைநோய் தலைகாட்டி, கோப்பி அழிந்து, தேயிலை வந்தது. காட்டு மரங்களின் வேர் போன மலையைத் தாங்கிப் பிடித்ததில் பெரும்பங்கு, வடிகாலாக வெட்டும் கானுக்குத்தான். மலைக்குக் குறுக்கே லேசான சாய்வில் வெட்டுவார்கள். கானுக்குள்ளே இடையிடையே கொஞ்சம் மண்ணை வெட்டாமல் தடுப்பாக விட்டுவிடுவார்கள். மழைத்தண்ணீர் அங்கே தங்கி, வண்டலைப் படியவிட்டு, தெளிந்து, மெதுவாக ஓடைக்கு இறங்கும். இதைச் சாய்வு பார்த்து வெட்டத் தெரிந்த தாத்தாமார் இன்னும் சில தோட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய கணக்கு எந்தக் கருவிக்கும் குறைந்ததில்லை என்பது என் அபிப்பிராயம்.

இப்போது கான் வெட்டுக்குப் பேர் போடுவது, அதாவது அதை வேலைநாளாகப் பதிந்து சம்பளம் கொடுப்பது, குறைந்துவிட்டது. போன மழைக்காலம் ஒரு மலையில் கானோடு நடந்து பார்த்தேன். கவ்வாத்து வெட்டிய குச்சி, சருகு, மண் எல்லாம் அடைத்து, மேலே மானாப்புல் முளைத்திருந்தது. தண்ணீர் கானில் ஓடாமல் ஒரே இடத்தில் உடைத்துக்கொண்டு நேரே மடுவுக்குள் இறங்கியிருந்தது. கீழே லயத்தில் ஒரு பாட்டி என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஊற்றைக் காட்டினார்.

"கோடையிலகூட வத்தாது தம்பி, பளிங்கு மாதிரி இருக்கும். இப்ப மழைக்கு மழை செம்மண்ணா கலங்கி வருது."

அப்புறம் லய அறையான காம்பராவின் கதவைத் தள்ளிக் காட்டினார். நிலை கோணிப்போய் கதவு பாதியில் நின்றது. கதவை இரண்டு தரம் சீவியும் சரிவரவில்லையாம். ஊற்று கலங்குவதும் கதவு இறுகுவதும் நிலம் அசையும் அடையாளங்கள். அவர் தனித்தனியாகக் கவனித்து வைத்திருந்ததை நான் சேர்த்து எழுதினேன்; அவ்வளவுதான்.

24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 என்றால் உடனே வெளியேற வேண்டும். இதைத்தான் எல்லா லயத்திலும் சொல்கிறோம். எங்கே போவது என்று கேட்கும்போது என்னிடம் பதில் இருப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. போக இடம் கொடுக்காமல் எழும்பிப் போகச் சொல்வதை எச்சரிக்கை என்று என்னால் ஏற்க முடியவில்லை. மழை இயற்கை, மண் சரிவது இயற்கை. மக்களை மடுவில் குடிவைத்தது நிர்வாகம்.

இப்போது தனி வீட்டுக்கென்று காணி ஒதுக்குகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் சில இடங்களில் மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்தை விட்டு மலையைச் செங்குத்தாக வெட்டி, பின்னால் கானே இல்லாமல் வீட்டைக் கட்டியிருக்கிறார்கள். நல்ல கொழுந்து வரும் மலையைத் தர மனமில்லாமல், வெறுமனே கிடக்கும் துண்டைக் கொடுப்பதும் நடக்கிறது. காணி அளக்கும் நாளிலேயே எங்களையும் கூப்பிடுங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறேன். கான் வெட்டிய தாத்தாமாரையும் கூட்டி வாருங்கள், அந்த நாளுக்கு அவர்களுக்குப் பேர் போடுங்கள்.