கோடு போட்ட பத்தி

"இந்த மிர்சயானோவ் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ரஷ்ய நஞ்சு ஆய்வகத்துக்குள் உட்கார்ந்து அளந்துகொண்டிருந்தாரே, அப்போது ஏன் பேசவில்லை?" என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டார். "அளந்ததால்தான் சார் பேச முடிந்தது" என்றேன். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் கட்டுரையின் ஒரு பத்தி மீது குறுக்குக் கோடு போட்டுவிட்டார். சாமர்த்தியமான பதில்தான். ஆனால் அது உண்மைதானா என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரில் நடந்த நஞ்சுத் தாக்குதல் செய்தி உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த 2018 மார்ச். முன்னாள் ரஷ்ய உளவாளி செர்கெய் ஸ்கிரிபாலும் மகள் யூலியாவும் பொது இடத்து பெஞ்சில் சுருண்டு கிடந்த கதையை எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் வில் மிர்சயானோவைப் பற்றி எழுதினேன். அவர்களைத் தாக்கிய நோவிசோக் என்ற நரம்பு நஞ்சின் பெயரை உலகம் அறிந்ததற்கு முக்கியக் காரணம் அவர்தான். 1935இல் ரஷ்யாவின் பாஷ்கீரியா பகுதியில் தாத்தார் இனக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர்; மாஸ்கோவின் ரகசிய வேதியியல் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்; பின்னர் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் குடியேறியவர்.

அவர் நஞ்சைக் கண்டுபிடித்தவர் அல்ல. கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் நிறப்பிரிகை முறையின் வல்லுநர். நிறுவனத்தின் புகைபோக்கியிலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் என்ன கசிகிறது, அதை வெளிநாட்டு உளவாளி மோப்பம் பிடிக்க முடியுமா என்று சோதித்துச் சொல்வது பிற்காலத்தில் அவருடைய பொறுப்பாக இருந்தது. ரகசியத்தைக் காக்க அளக்கப் போனவர், ஊர்மக்கள் சுவாசிக்கும் காற்றில் இருக்கக் கூடாதது இருப்பதைப் பார்த்தார். மேலே சொன்னார். மேலே இருந்தவர்களுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

இதை எழுதும்போது எனக்குக் கை வேகமாக ஓடியது. எழுத்துக்கு வருமுன் நானும் ஒரு பூச்சிமருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் ஜி.சி. என்ற நிறப்பிரிகைக் கருவி முன்னால் நின்றவள். ஒரு மைக்ரோலிட்டர் மாதிரியை ஊசியில் இழுத்து ரப்பர் மூடிக்குள் குத்த வேண்டும். முதலில் கரைப்பானின் பெரிய சிகரம் எழும்பும். நாம் தேடுகிற சங்கதி அதன் பின்னால் சின்ன மேடாகத் தலைகாட்டும். அதன் பரப்பைக் கணக்கிட்டுப் பதிவேட்டில் எண்ணாக எழுதிவிட்டால் வேலை முடிந்தது. அந்த எண் அதற்குப் பிறகு எங்கே போகிறது என்று கேட்கும் வழக்கம் அங்கே கிடையாது. எங்கள் மருந்தும் நரம்பு நஞ்சும் ஒரே குடும்பம்: இரண்டும் கோலினெஸ்டெரேஸ் என்ற நொதியை முடக்குகின்றன. அதனால்தான் எங்களுக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. வயலில் மருந்தடித்து மயங்கியவருக்கு நம் அரசு மருத்துவமனையில் போடும் அட்ரோபின் ஊசி நரம்பு நஞ்சுக்கும் மாற்றுமருந்து. ஆகவே ஆசிரியரின் கேள்வி மிர்சயானோவைப் பார்த்துக் கேட்டதாக மட்டும் எனக்குக் கேட்கவில்லை. அவர் அதை உத்தேசித்திருக்க மாட்டார் என்பது வேறு.

கோடு விழுந்த பத்தி இதுதான். 1992 செப்டம்பரில் மிர்சயானோவும் இன்னொரு வேதியியலாளர் லெவ் ஃபியோதரோவும் 'மாஸ்கோவ்ஸ்கியே நோவோஸ்தி' இதழில் எழுதினார்கள்: உலகத்தோடு ரசாயன ஆயுத ஒழிப்பு ஒப்பந்தம் பேசிக்கொண்டே, ரஷ்யா புதிய தலைமுறை நஞ்சு ஒன்றைக் கையில் வைத்திருக்கிறது. அடுத்த மாதமே மிர்சயானோவ் கைதாகி மாஸ்கோவின் லெஃபோர்த்தவோ சிறைக்குப் போனார். எழுதியது பொய் என்றால், அரசு ரகசியத்தை வெளியிட்டார் என்று எப்படி வழக்குப் போட முடியும்? வழக்கே வாக்குமூலம் ஆகிவிட்டது. 1994 மார்ச்சில் அதைக் கைவிட்டார்கள். இவ்வளவு வரை ஆசிரியருக்கு ஆட்சேபம் இல்லை. அதற்கு அடுத்த வரிகளில்தான் சிக்கல்: அமெரிக்கா போன பிறகு, 2008இல் வெளியிட்ட நூலில் அந்த நஞ்சுகளின் கட்டமைப்புச் சூத்திரங்களையே அவர் அச்சிட்டுவிட்டார் என்று எழுதியிருந்தேன்.

"சூத்திரம் எந்தப் புத்தகத்தில் கிடைக்கும் என்று நாம் ஏனம்மா வழி சொல்ல வேண்டும்?" என்றார். ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர், பயந்தாங்கொள்ளி அல்ல. 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் என்ற நரம்பு நஞ்சைக் கசியவிட்டது ஒரு மதக்குழு, அதைத் தயாரித்தது அவர்களுடைய ஆய்வகம் என்று நினைவூட்டினார். சாரினின் சூத்திரம் எத்தனையோ ஆண்டுகளாக நூலகங்களில் இருக்கிறதே சார், மறைத்து என்ன ஆனது என்றேன். "அதைத்தான் நானும் சொல்கிறேன்" என்றார். ஒரே உதாரணம் இருவருக்கும் சாட்சி சொல்லியது.

என் வாதம் எளியது. ரசாயன ஆயுத ஒப்பந்தம் எந்த நச்சையும் ஆயுதமாக்கத் தடை விதிக்கிறது. ஆனால் அறிவிப்பும் வழக்கமான சோதனையும் முக்கியமாக அதன் பட்டியலில் உள்ள பொருள்களைச் சுற்றித்தான். 1997இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது நோவிசோக் வகைகள் பட்டியலில் இல்லை. பெயரும் உருவமும் தெரியாத ஒன்றை எப்படிப் பட்டியலில் சேர்ப்பது? அதற்காகத்தான் அச்சிட்டேன் என்கிறார் மிர்சயானோவ். அந்த வரிகளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சிறை சென்ற ஒரு நல்ல மனிதர். நாடு கடந்து வாழ்பவர்களைப் பற்றி நாம் எழுதும் கட்டுரைகளில் இந்த நல்ல மனிதர்தான் திரும்பத் திரும்ப வருகிறார், எனக்கு அலுத்துவிட்டது. (2008 டிசம்பரில் தாத்தார் தேசியவாதிகள் ரஷ்யாவுக்குள் இருக்கும் தாத்தார்ஸ்தானின் சுதந்திரத்தை அறிவித்து, அதன் நாடுகடந்த அரசாங்கத்துக்கு அவரைத் தலைவராக்கினார்கள். அதையும் எழுதியிருந்தேன். இடமில்லை என்று போய்விட்டது. அதற்காக நான் சண்டை போடவில்லை.)

ஆனால் பத்தியை எடுத்துவிட்டுக் கட்டுரை அச்சான சில வாரங்களில் சாலிஸ்பரி குற்றச்சாட்டுக்கு ரஷ்யத் தரப்பு சொன்ன வாதங்களைப் படித்தேன். சூத்திரம் அமெரிக்காவில் புத்தகமாகவே விற்கிறது, யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாமே என்றார்கள். எச்சரிக்கை செய்ய எழுதிய நூல் எதிர்த்தரப்பின் வக்கீலாகி நின்றது. ஆசிரியர் இதை முன்கூட்டியே கண்டாரா? இல்லை, அவர் கவலை வேறு. இருந்தாலும் அன்றைக்கு எனக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதியாகிவிட்டது. மீதிப் பாதி 2019 நவம்பரில் திரும்பி வந்தது. ரசாயன ஆயுதத் தடை அமைப்பின் உறுப்பு நாடுகள் கூடி இந்த நஞ்சுகளை மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள முதல் பட்டியலிலேயே சேர்த்தன. 2020 ஜூனில் அது அமலுக்கு வந்தது. அந்தப் பட்டியல் யாரும் பார்க்கக்கூடிய ஆவணம்.

பார்த்தீர்களா சார் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் ஆகஸ்டில் ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவால்னி நோவிசோக் தாக்கி விமானத்தில் அலறிய செய்தி. பட்டியல் அமலாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. பிரின்ஸ்டனிலிருந்து மிர்சயானோவ், இந்தக் குற்றத்தொழிலில் தானும் பங்கெடுத்ததற்காக நவால்னியிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். யாரும் அவரைக் கேட்கச் சொல்லவில்லை. ஆசிரியர் கேட்ட கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. அந்தப் பதில் என்னுடையதல்ல. அளந்ததால் பேச முடிந்தது என்று அவர் சொல்லவில்லை. அளந்ததே பங்குதான் என்றார்.

சமீபத்தில் என் கட்டுரைகள் தொகுப்பாக வந்தபோது கோடு போட்ட பத்தியைத் திரும்பச் சேர்த்தேன். ரஷ்யாவின் வாதத்தையும் மன்னிப்பையும் அதன் கீழே எழுதினேன். மரியாதைக்கு ஆசிரியருக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னேன். "தாராளமாகப் போடுங்கள், இப்போது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. அன்றைக்குப் போட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று மட்டும் சொல்லாதீர்கள்" என்றார். அதைச் சொல்லத்தான் நான் வாயெடுத்திருந்தேன்.