எடுத்து வைக்காத ஒரு பிரதி

விற்காத பத்திரிகைகளைத் திருப்பி அனுப்பும் கட்டுக்குள் அந்தப் பிரதியை வைத்தது நான்தான். செய்தது சரியான வேலை என்று இன்றும் சொல்வேன். விநியோகஸ்தரின் பட்டியலில் பெயர் வந்துவிட்டால் அன்றைக்கே கட்டிக் கொடுத்துவிட வேண்டும். தவறினால் காசு திரும்பாது, நட்டம் கடையின் தலையில் விழும். லண்டனில் பத்திரிகைக் கடையில் நின்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அது 'தி ஃபேஸ்' பத்திரிகையின் 2004 மே இதழ். கடைசி இதழ். வழக்கமாகப் புதிய இதழ் வந்து இறங்கும்போதுதான் பழையதைத் திருப்பிக் கேட்பார்கள். அந்த முறை திருப்பச் சொல்லும் பட்டியல் மட்டும் வந்தது, புதியது வரவில்லை. பத்திரிகையை மூடிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். மூலையில் பென்சிலால் பெயர் எழுதி, ஒரு மாணவனுக்காகக் கல்லாவுக்குக் கீழே அதை வைத்திருந்தோம். கடை முதலாளியான அண்ணையிடம் கேட்டேன். "ஆள் வந்து எத்தனை கிழமை ஆகிவிட்டது, தம்பி? அனுப்பிவிடும்" என்றார். அனுப்பினேன்.

பரீட்சை முடிந்து பையன் வந்தான். சொன்னேன். அவன் கோபப்படவில்லை. "உங்கள் முதலாளி அப்படித்தான் சொல்லியிருப்பார். நீங்களாவது எடுத்து வைத்திருப்பீர்கள் என்று நினைத்தேன்" என்றான்.

அவன் அப்படி நினைக்கக் காரணம் இருந்தது. ஆள் வராத பிற்பகல்களில் அந்தப் பத்திரிகையைப் பற்றி என்னிடம் மணிக்கணக்கில் பேசியவன் அவன். நிக் லோகன் என்பவர் 1980 மே மாதம் அதைத் தொடங்கிய கதையை அவன்தான் சொன்னான். 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' என்ற இசை வார இதழின் ஆசிரியராக இருந்து, 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' என்ற பாப் இசை இதழையும் உருவாக்கியவர் லோகன். இளைஞர்களுக்கு இசையும் உடையும் சேர்ந்த ஒரு மாத இதழ், நல்ல தாளில், நல்ல படங்களோடு வேண்டும் என்று ஈமேப் என்ற பதிப்பு நிறுவனத்திடம் போனார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். சேமிப்பிலிருந்த 3,500 பவுணைப் போட்டுத் தானே வெளியிட்டார். முதல் அட்டையில் 'தி ஸ்பெஷல்ஸ்' இசைக்குழுவின் ஜெரி டாமர்ஸ்.

ஒருநாள் பழைய பிரதி ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தான். 1985 மார்ச். ஃபீலிக்ஸ் ஹாவர்ட் என்ற சிறுவன் அட்டையில் முறைத்துக்கொண்டு நிற்கிறான். அவன் தொப்பியில் செய்தித்தாளிலிருந்து கிழித்த ஒரு துண்டு. 'கொலைகாரன்' என்று பொருள்படும் தலைப்புச் சொல் அதில். ரே பெட்ரி என்ற உடையலங்காரக் கலைஞரின் வேலை. விடியுமுன் செய்தித்தாள் கட்டுகளின் பட்டையை அறுத்து, மை படிந்த கையோடு நாளைத் தொடங்குகிற எனக்கு, அந்தக் கிழிசல் காகிதம் ஓர் அலங்காரமாகி உலகம் சுற்றியதைப் பார்க்க உடம்பு சிலிர்த்தது. பக்க வடிவமைப்பாளர் நெவில் பிராடியைப் பற்றியும் சொன்னான். பொருளடக்கப் பக்கத்தின் தலைப்பெழுத்துகளை இதழுக்கு இதழ் சிறிது சிறிதாக உடைத்துக்கொண்டே போய், கடைசியில் வெறும் கோடுகளாக்கிவிட்டாராம். வாசகரை அவ்வளவு நம்பிய மனிதர்! 1990 ஜூலை அட்டையில், இறகுத் தலையணியோடு சிரிக்கும் பதினாறு வயது கேட் மோஸை, பின்னால் உலகப் புகழ்பெற்ற அந்த மாடலை, அப்போது அவ்வளவாக யாருக்கும் தெரியாது. கொரின் டே எடுத்த படம் அது.

இவ்வளவையும் காதில் வாங்கிக்கொண்டவன்தான் அந்தக் கடைசி இதழைக் கட்டுக்குள் வைத்தேன். என் பணத்தைக் கொடுத்து எடுத்து வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். நினைத்தேன். மணிக்கூலிக்கு நிற்பவன் வாடிக்கையாளருக்காகத் தன் பையிலிருந்து போட ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது? வாராந்தரி கேட்டு வைத்துவிட்டு வராமல் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்காக நான் வருத்தப்பட்டதே இல்லை.

அப்படிச் சொல்லி முடிக்கும்போதே 1992 நினைவுக்கு வந்துவிடுகிறது. நடிகரும் பாடகருமான ஜேசன் டொனோவன் 'தி ஃபேஸ்' மீது தொடுத்த அவதூறு வழக்கில் வென்றார்; அவருக்கு இரண்டு லட்சம் பவுண் இழப்பீடு கொடுக்கவேண்டி வந்தபோது பத்திரிகை மூழ்கப் பார்த்தது. வாசகர்கள் கைக்காசை அனுப்பினார்கள். டொனோவனும் அது மூடப்படாதபடி ஓர் இணக்கத்துக்கு வந்தார். வழக்கில் வென்றவரே இறங்கிவந்தார் என்றால், சில பவுணுக்காக நான் அவ்வளவு கணக்குப் பார்த்திருக்க வேண்டுமா?

ஆனால் பத்திரிகையைச் சாகவிட்டது கடைக்காரர்கள் அல்ல. இதில் எனக்குச் சந்தேகமில்லை. 1999-இல் லோகன் அதை விற்றார். வாங்கியது, தொடக்கத்தில் வேண்டாம் என்ற அதே ஈமேப். அவர்களுடைய ஆண்கள் இதழான 'எஃப்.எச்.எம்.' எங்கள் கடையில் குவியலாக வந்து குவியலாகத் தீரும். பக்கத்திலேயே 'தி ஃபேஸ்' ஒன்றிரண்டு நிற்கும். விற்பனை குறையக் குறைய அண்ணை எண்ணிக்கையைக் குறைத்தார். அடுக்கில் தெரியாததால் விற்பனை மேலும் குறைந்தது. எது முதலில் என்று அப்போதும் எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த வட்டத்துக்குள் என் கையும் இருந்தது, அவ்வளவு நிச்சயம்.

2019-இல் வேறொரு நிறுவனம் 'தி ஃபேஸ்' இதழை மீண்டும் கொண்டுவந்தது. 2025-இல் லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகம் அதன் படங்களுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது. இதை அண்ணையிடம் சொன்னேன். கடையை எப்போதோ விற்றுவிட்டார். பத்திரிகை அவருக்கு ஞாபகமில்லை. நான் விவரித்ததும் பையன் மட்டும் ஞாபகம் வந்தான்.

"முன்பணம் கொடுத்திருந்தானா?" என்றார்.

"இல்லை, அண்ணை. ஆனால் வந்தானே."

"பிந்தி வந்தான்" என்றார். அவருடைய கடை, அவருடைய காசு, அவர் அப்படிச் சொல்லலாம். நான் அதற்குப் பிறகு பேசவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை.