தலைப்பு இருக்கிறது, எழுத்தைக் காணோம்

ஸ்கிரிவனர் என்ற எழுதும் மென்பொருளில் என் நாவலின் கடைசிப் பகுதியைத் திறந்தேன். அத்தியாயத் தலைப்புகள் இடப்பக்கப் பட்டியலில் வரிசையாக நின்றன. எதைத் தொட்டாலும் வலப்பக்கம் வெள்ளைத் தாள். மதிய வேளைகளில் வாரக்கணக்கில் எழுதியது அது. எல்லாவற்றையும் மீட்டுவிட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீட்ட விதத்தைத்தான் எழுத நினைக்கிறேன். இந்தச் சிக்கலுக்கு இணையத்தில் ஆங்கிலத்தில் ஏகப்பட்ட ஆலோசனை கிடைக்கிறது. ஆனால் தமிழில் எழுதுகிறவருக்கு வழியில் தனியாக ஒரு குழி இருக்கிறது. அதைக் குறிப்பிட்ட ஆலோசனை எதுவும் என் கண்ணில் படவில்லை.

நாவல் சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த காசி என்ற தொழிலாளியைப் பற்றியது. 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை 1971க்குள் விலக்கிக்கொள்ளப்போவதாக அறிவித்ததும், அந்தத் தளத்தை நம்பிப் பிழைத்த குடும்பங்களுக்கு என்ன ஆனது என்பதுதான் கதை. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைக் கேட்டு எழுதிய குறிப்புகள், பழைய வரைபடங்கள், அத்தியாயங்கள் என்று எல்லாம் ஒரே இடத்தில் கிடக்க வேண்டும் என்பதால் ஸ்கிரிவனர் மென்பொருளில் எழுதுகிறேன். ஈசூன் வீட்டில் மேக் கணினி. அலுவலகத்துக்கு எடுத்துப்போவது தம்பி கொடுத்த பழைய விண்டோஸ் மடிக்கணினி. இரண்டையும் ஒரு கிளவுட் சேமிப்பு இணைக்கிறது. எந்தச் சேவை என்பது இங்கே முக்கியமில்லை, இது எதிலும் நடக்கக்கூடியது.

அன்று மதியம் ராபின்சன் சாலைப் பக்கம் ஒரு உணவங்காடி நிலையத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது மடிக்கணினியின் பேட்டரி தீர்ந்து திரை அணைந்தது. பழைய பேட்டரி, அடிக்கடி அப்படிச் செய்யும். தட்டச்சை நிறுத்திய ஓரிரு நொடிகளில் மென்பொருள் தானாகவே சேமித்துவிடும் என்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரவு வீட்டுக்கு வந்து மேக்கில் திறந்ததும், இந்த நாவல் வேறொரு கணினியில் திறந்திருப்பதாகத் தோன்றுகிறது என்று ஓர் எச்சரிக்கை வந்தது. அந்தக் கணினிதான் பைக்குள் அணைந்து கிடக்கிறதே என்று மேலே போனேன். அப்போதுதான் வெள்ளைத் தாள்கள்.

முதல் அரைமணி நேரம் கை என்ன செய்ததென்று எனக்கே சரியாகத் தெரியாது. ஒரு தாளில் ‘இங்கே இருந்ததெல்லாம் எங்கே?’ என்று தட்டினேன். வேறு இரண்டில், மறப்பதற்குள் பிடித்துவிடலாம் என்று நினைவிலிருந்து திரும்ப எழுதத் தொடங்கினேன். நடுவில் மடிக்கணினியை மின்சாரத்தில் செருகினேன். அதன்பிறகுதான் தம்பிக்கு அழைத்தேன்.

“அக்கா, எதையும் தொடாதே. மென்பொருளைத் திறந்து திறந்து மூடாதே” என்றான். ஏன் என்று கேட்டதற்கு அவன் சொன்ன காரணம், இந்த அனுபவத்தில் நான் தெரிந்துகொண்டவற்றில் மிகப் பயனுள்ளது. ஒவ்வொரு முறை நாவலை மூடும்போதும் ஸ்கிரிவனர் முழுவதையும் சுருக்கி ஒரு காப்புப் பிரதி எடுத்து அந்தக் கணினியிலேயே வைக்கிறது. ஆனால் நாம் அமைப்பை மாற்றாதவரை கடைசி 5 பிரதிகள்தான் தங்கும். புதியது வந்தால் பழையது போய்விடும். பதற்றத்தில் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்க்கிறவர், நல்ல பிரதிகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளிவிட்டு வெள்ளைத் தாள்களின் பிரதிகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். கோளாறு பறிக்காததைத் தேடல் பறித்துவிடும்.

ஆகவே முதல் வேலையாக வைஃபையை அணைத்தோம். அடுத்து இரண்டு கணினிகளின் காப்புக் கோப்புறைகளையும், நாவலின் கோப்புறையையும் அப்படியே ஒரு யுஎஸ்பி வட்டில் நகலெடுத்தோம். காப்புக் கோப்புறை எங்கே இருக்கிறது என்று தேடி அலைய வேண்டாம். மென்பொருளின் அமைப்புகளில் காப்புப் பிரதிகளுக்கான பக்கத்தில் அதைத் திறக்கும் பொத்தான் இருக்கிறது. நகலெடுத்து முடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இனி எதைச் செய்தாலும் இருப்பதைவிட மோசமாகாது.

காப்புப் பிரதிகளில் முந்தைய வாரம் வரை எல்லாம் இருந்தது. கடைசியாக எழுதியது மட்டும் இல்லை. பேட்டரி போய் அணைந்த கணினி நாவலை முறையாக மூடவில்லை, மூடாததால் பிரதியும் எடுக்கவில்லை. மென்பொருளை நாள்கணக்கில் திறந்தே வைத்து மடிக்கணினியின் மூடியை மட்டும் சாத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்களிடம் இருக்கும் பிரதிகள் நீங்கள் நினைப்பதைவிடப் பழையவையாக இருக்கலாம்.

தம்பி மறுநாள் மாலை நேரில் வந்தான். அவனுக்கு முதல் சந்தேகம், வட்டில் இடத்தை மிச்சப்படுத்தும் அமைப்பின்மேல். கோப்பின் பெயரை மட்டும் கணினியில் வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை இணையத்திலேயே விட்டுவைக்கும் வசதி இப்போது பெரும்பாலான சேவைகளில் உண்டு. கோப்பின் பக்கத்தில் மேகச் சின்னம் இருந்தால் அது இங்கே இல்லை என்று பொருள். புகைப்படங்களுக்கு நல்ல ஏற்பாடு, நாவலுக்கு ஆகாது. எங்களிடம் அந்தச் சின்னம் எங்கும் தென்படவில்லை. எழுத்து வெள்ளை நிறமாகிவிட்டதா, குப்பைக் கோப்புறைக்குப் போய்விட்டதா என்ற சோதனைகளும் உடனே முடிந்தன.

பிறகுதான் நாவலின் வயிற்றைத் திறந்தோம். மேக்கில் ஸ்கிரிவனர் நாவல் ஒற்றைக் கோப்பாகத் தெரியும், ஆனால் உண்மையில் அது ஒரு கோப்புறை. வலது சொடுக்கில் பொதியின் உள்ளடக்கத்தைக் காட்டச் சொன்னால் திறந்துவிடும். விண்டோஸில் மறைப்பே கிடையாது. உள்ளே ஸ்கிரிவ்எக்ஸ் என்று முடியும் ஒரு சிறிய கோப்பில் தலைப்புகளும் அவற்றின் வரிசையும் மட்டும் இருக்கின்றன. எழுத்து முழுவதும் வேறோர் இடத்தில், ‘ஃபைல்ஸ்’ என்பதற்குள் ‘டேட்டா’ என்ற கோப்புறையில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் நீண்ட அடையாள எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு தனிக் கோப்புறை, அதற்குள் ‘கன்டென்ட்’ என்ற பெயரில் ஓர் ஆர்டிஎஃப் (உரையை அதன் வடிவமைப்போடு சேமிக்கும் வகை) கோப்பு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் வரிசையாக இருக்கும் தபால் பெட்டிகளைப் போல, வெளியே எண் மட்டும்தான். யாருடைய பெட்டி என்பது பட்டியலுக்குத்தான் தெரியும்.

இதைப் பார்த்ததும் நடந்தது விளங்கிவிட்டது. பேட்டரி தீர்வதற்கு முன் அந்தச் சின்னப் பட்டியல் கோப்பு இணையத்துக்கு ஏறிவிட்டது, எழுத்துக் கோப்புகள் ஏறவில்லை. ஒத்திசைவுச் சேவைக்கு இவை ஒரே நாவலின் உறுப்புகள் என்று தெரியாது. அதற்கு எல்லாம் தனித்தனிக் கோப்புகள், முடிந்ததை முடிந்த நேரத்தில் அனுப்பும். மேக் பட்டியலைப் படித்துத் தலைப்புகளைக் காட்டியது. எழுத்து வராததால் வெள்ளைத் தாளைக் காட்டியது. எதுவும் அழியவில்லை.

மடிக்கணினியை மின்சாரத்தில் செருகியதும் அது விழித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பியிருக்கிறது. நாவலை மறுபடி திறந்தபோது பெரும்பாலான அத்தியாயங்கள் திரும்பியிருந்தன. இப்போதும் எழுத்தில்லாமல் இருந்தவை நான் முந்தைய இரவு விரல் வைத்த அந்த மூன்று மட்டும். வெற்றுத் தாளுக்கு எழுத்துக் கோப்பே இருக்காது, ஒரு வரி தட்டியவுடன் மென்பொருள் புதிதாக ஒன்றை உருவாக்கும். அதே பெயரில் மடிக்கணினியிலிருந்து உண்மையான அத்தியாயம் வந்து சேர்ந்தபோது, எது சரி என்று முடிவுசெய்ய முடியாத சேவை முந்தி வந்ததற்கு இடத்தைக் கொடுத்துவிட்டு மற்றதைப் பெயர் மாற்றி அருகில் வைத்துவிட்டது. ‘இங்கே இருந்ததெல்லாம் எங்கே?’ என்ற என் கேள்வி அத்தியாயம் 14-இன் அதிகாரபூர்வமான பாடமாகிவிட்டது!

பெயர் மாறிய கோப்பை ஸ்கிரிவனர் அந்த அத்தியாயத்தில் காட்டாது, ஏனென்றால் அங்கே அது தேடுவது ‘கன்டென்ட்’ என்ற பெயரை மட்டும்தான். ஆகவே எழுத்து வட்டில் இருக்கும், ஆனால் அத்தியாயத்தில் தெரியாது. இப்படிப்பட்ட நகல்களின் பெயரில் சில சேவைகள் ‘கான்ஃபிளிக்டட் காப்பி’ (முரண்பட்ட நகல்) என்று சேர்க்கும், சில கணினியின் பெயரை ஒட்டிவிடும். எங்கள் டேட்டா கோப்புறையில் அப்படி ஒட்டுப்பெயர் கொண்டவை நிறையவே கிடந்தன. எப்போதோ நேர்ந்த சின்னச் சின்ன மோதல்களின் மிச்சமும் அவற்றில் கலந்திருந்தது.

எது எந்த அத்தியாயம் என்று கண்டுபிடிக்க, தம்பி நிரலாளர்கள் பயன்படுத்தும் ஒரு தேடுகருவியைக் கொண்டு அந்தக் கோப்புறை முழுவதிலும் ‘காசி’ என்று தேடினான். ஒன்றும் கிடைக்கவில்லை. நாவலின் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கும் பெயர் அது. “அக்கா, எழுத்தே இல்லைபோலிருக்கிறதே” என்றான் மெல்ல. அந்த நிமிடம்தான் இந்த முழு விவகாரத்திலும் கொடுமையானது. கண்ணெதிரே நன்றாகத் திறக்கும் முதல் அத்தியாயத்தின் கோப்பிலும் காசி கிடைக்கவில்லை என்பதை நான் கவனித்துச் சொன்னேன். அப்படியானால் கோளாறு தேடலில்.

நான் முன்னே சொன்ன குழி இதுதான். ஆர்டிஎஃப் பழைய காலத்து வடிவம். ஆங்கில எழுத்தை அப்படியே எழுதும், தமிழ் எழுத்தை எழுதாது. ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் அதன் யூனிகோட் எண்ணை (கணினிகளில் அந்தக் குறிக்கென்று பொதுவாக ஒதுக்கிய எண்) பதின்ம முறையில் எழுதி, முன்னால் ஒரு பின்சாய்கோடும் ‘யு’ என்ற ஆங்கில எழுத்தும் வைக்கும். காசி என்பது கோப்புக்குள் 2965, 3006, 2970, 3007. க, துணைக்கால், ச, இகரக் குறி என்ற வரிசை. தமிழுக்கு யூனிகோடில் ஒதுக்கிய இடம் 2944 முதல் 3071 வரை என்பதால், தமிழ் அத்தியாயம் எதை இப்படித் திறந்தாலும் இருபத்தொன்பது நூறுகளும் முப்பது நூறுகளும் ஈசல்போல மொய்க்கும். அந்த நான்கு எண்களையும் வரிசையாக, இடையில் ஓரிரு குறிகள் வரலாம் என்று இடம் விட்டுத் தேடியதும் காசி எல்லாக் கோப்புகளிலிருந்தும் எழுந்து வந்தான்.

இன்னொரு வசதியும் இதனால் கிடைக்கிறது. ஒரு குறிக்கு ஆறேழு பைட் செலவாவதால் தமிழ்க் கோப்புகள் பருமனானவை. ஆயிரம் சொல் அத்தியாயம் ஒன்று சுமார் 50 கிலோபைட் வரும். ஒரு வரி மட்டும் இருப்பது ஓரிரு கிலோபைட்டைத் தாண்டாது. கோப்புகளை அளவின்படி அடுக்கினாலே உயிருள்ளது எது, கூடு மட்டும் எது என்று திறக்காமலே தெரிந்துவிடும். இணைய உலாவியில் கிளவுட் சேவையின் தளத்துக்குள் போயும் இந்த அளவுகளைப் பார்க்கலாம். எந்தக் கணினியின் பேச்சையும் நம்பாமல், சேவையிடம் உண்மையில் என்ன இருக்கிறது என்று அது காட்டிவிடும். சேவையிடம் பழைய பதிப்புகளும் சில காலம் இருக்கும், டிராப்பாக்ஸின் இலவசக் கணக்கில் 30 நாள். எங்களுக்கு அதுவரை போகத் தேவை ஏற்படவில்லை.

மூன்று அத்தியாயங்களின் நகல்களையும் மேசைத் திரைக்கு எடுத்து, ஆர்டிஎஃப்பைப் படிக்கத் தெரிந்த உரைத் திருத்தியில் திறந்து சரிபார்த்து, ஸ்கிரிவனருக்குள் இறக்குமதி செய்தேன். டேட்டா கோப்புறைக்குள்ளேயே பெயர் மாற்றி ஒட்டுப்போடலாமே என்று தம்பி கேட்டான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு எண்ணைத் தவறாகத் தொட்டால் பட்டியலுக்கும் பெட்டிக்கும் தொடர்பு அறுந்துவிடும். வெளியே எடுத்து முன்வாசல் வழியாக உள்ளே கொண்டுவருவது சுற்றுவழிதான், ஆனாலும் எதுவும் உடையாது. பழைய காப்புப் பிரதியிலிருந்து எடுக்க வேண்டியிருந்தாலும் இதே முறைதான்: கிளவுடுக்கு வெளியே ஓரிடத்தில் விரித்துத் திறந்து, வேண்டிய அத்தியாயத்தை அங்கிருந்து இங்கே இழுத்துவிடலாம்.

நினைவிலிருந்து எழுதிய இரண்டு துண்டுகளையும் அசலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கப்பல் பட்டறையின் வாசல் காட்சி அசலில்தான் நன்றாக இருந்தது. நினைவில் எழுதியது வெறும் தகவல். மற்றதில் உரையாடல்கள் கிட்டத்தட்ட அப்படியே வந்திருந்தன, வருணனை ஒரு வரிகூடத் திரும்பவில்லை. என் வருணனைகளில் எத்தனை அவசியமானவை என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது, அது வேறு கதை.

இப்போது காப்புப் பிரதிகளை 25 ஆக்கி, அவை போய்ச் சேரும் இடத்தையும் கிளவுடுக்கு வெளியே வைத்திருக்கிறேன். நாவலின் கோப்புறையை எப்போதும் கணினியிலேயே வைத்திருக்கும்படி இரண்டு இடத்திலும் குறித்தாகிவிட்டது. எழுதி முடித்ததும் நாவலை மூடுகிறேன், ஒத்திசைவு முடிந்ததற்கான சின்னம் வரும்வரை மூடியைச் சாத்துவதில்லை. வேறு கணினியில் திறந்திருப்பதாக எச்சரிக்கை வந்தால் மேலே போகாமல் அந்தக் கணினியை எழுப்பிப் பார்க்கிறேன். தம்பி புதுப் பேட்டரி ஒன்று வாங்கித் தந்திருக்கிறான். சிம் லிம் சதுக்கத்தில் பேரம் பேசியே வாங்கினானாம்.