செய்கூலி

என் மகள் கொண்டையில் அணிந்திருந்த ராக்கொடியிலிருந்து ஒரு சிவப்புக் கல் உதிர்ந்தபோது அவள் பரதநாட்டிய மேடையில், வர்ணம் என்ற நீண்ட உருப்படியின் நடுவில் இருந்தாள். நிகழ்ச்சி முடிந்து திரை இறங்கிய பிறகு நானும் அவளுடைய டீச்சரும் கைப்பேசி வெளிச்சத்தில் மேடைப் பலகைகளைத் துழாவி, கொண்டைக்கடலையில் பாதி அளவே இருந்த அந்தக் கல்லைக் கண்டெடுத்தோம். அதை ஒரு குங்குமப் பொட்டலத் தாளில் மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

அந்த ராக்கொடி என் அத்தையுடையது. எழுபதுகளின் கடைசியில் தன் அரங்கேற்றத்துக்காக நாகர்கோவில் வடசேரியில் சொல்லிச் செய்த தலைசாமானில், இன்று மிஞ்சியிருப்பவை இந்த ராக்கொடியும் வகிட்டின் வலப்பக்கம் வைக்கும் சூரியனும் மட்டுமே. இடப்பக்கத்துச் சந்திரன் எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்பது எங்கள் குடும்பத்தில் இன்றுவரை தீராத வழக்கு.

கல்லைப் பதித்துத் தரும்படி முதலில் எங்கள் ஊரிலேயே ஒரு பெரிய நகைக்கடைக்குக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்தவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "கவரிங்தானே மேடம்" என்று சொல்லிவிட்டு, உள்ளே கொடுத்தனுப்பி, பத்தே நிமிடத்தில் பசை வைத்து ஒட்டித் தந்தார். பணம் வாங்கிக்கொள்ளவில்லை, அதற்காக அன்று நன்றிகூடச் சொன்னேன். ஆறு மாதத்தில் அந்தக் கல் மறுபடியும் விழுந்தது, கூடவே பக்கத்துக் கல்லையும் அழைத்துக்கொண்டு. குழியைச் சுற்றிப் பசை மஞ்சளாகக் கெட்டித்துப்போயிருந்தது. அதன் பிறகுதான், அது எங்கே பிறந்ததோ அங்கேயே கொண்டுபோவது என்று முடிவு செய்து, மகளையும் கூட்டிக்கொண்டு வடசேரிக்குப் போனேன்.

வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு உண்டு. தெய்வத் திருமேனிகளுக்குச் சாத்துவதற்காக இப்பகுதியின் பொற்கொல்லர்கள் செய்துவந்த நகைகளின் அமைப்பு, பின்னாளில் பரதநாட்டிய மேடைக்கு வந்து, இன்று நெற்றிச்சுட்டி, சூரியன், சந்திரன், ராக்கொடி, ஜடைநாகம், ஜிமிக்கி, மாட்டல், அட்டிகை, வங்கி, ஒட்டியாணம் என்று தலை முதல் இடை வரை ஒரு முழு செட்டாக நிலைபெற்றிருக்கிறது. அது கவரிங் அன்று. அதன் உடம்பு வெள்ளி, முகம் தங்க ரேக்கு, கண்கள் கெம்புக்கற்கள். வெளியில் தெரியாமல் உள்ளே இருந்து எல்லாவற்றையும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பது அரக்கு.

நாங்கள் போன பட்டறை ஒரு வீட்டின் முன்னறைதான். ஜன்னலோரம் தாழ்வான ஒரு மரமேசை, அதன் முன் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், அவருக்கு எதிரில் அவருடைய மகன். பெரியவர் ராக்கொடியை வாங்கியதும் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பி, பின்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்து, விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது எங்க பட்டறை வேலை இல்லை. ஆனா நல்ல கை" என்றார். எப்படித் தெரியும் என்று என் மகள் கேட்டாள். "மக்களே, இங்க வா" என்று அவளை அருகில் அழைத்து, வெள்ளித் தகட்டின் ஓரத்தில் அரம் ஓடியிருந்த கோடுகளையும், கொண்டையில் கட்டுவதற்கான வளையம் பற்றவைக்கப்பட்டிருந்த இடத்தையும் காட்டினார். அவர்கள் வளையத்தை இன்னும் சற்று உள்ளே தள்ளி வைப்பார்களாம். செய்தவருடைய பெயரோ முத்திரையோ இல்லாத ஒரு பொருளில், சக தொழிலாளிக்கு மட்டும் படிக்கக் கிடைக்கும் கையெழுத்து இருக்கிறது என்பதை அந்த நிமிடம்தான் அறிந்தேன்.

ஒட்டிய பசையைச் சுரண்டி எடுக்கவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. "கல்லு வைக்கது வேலையே இல்லை. இதை எடுக்கதுதான் வேலை" என்று அவர் சொன்னதில் கோபம் இல்லை, எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. பிறகு அரக்கை இளக்கிக் குழியில் நிரப்பி, அது இறுகும் முன் கல்லை வைத்துக் கட்டைவிரலால் ஒரே சீராக அழுத்தினார். கல்லுக்கும் வெள்ளிக் கரைக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளிக்குள், மெல்லிய தங்க ரேக்கைச் சன்னமான பட்டையாக நறுக்கி, கூரான ஓர் எஃகு முனையால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டே வந்தார். கலப்பில்லாத தங்கம் மிகவும் மிருதுவானது. அடுக்கடுக்காக வைத்து அழுத்தினால், நெருப்புக் காட்டாமலேயே ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். ஒரு சுற்று முடிந்ததும் கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, திருப்தி இல்லாமல் மறுபடியும் ஒரு சுற்று வந்தார். அவ்வளவு நேரமும் அவர் மூச்சை அடக்கியே வைத்திருந்தார் என்று என் மகள் பிறகு சொன்னாள். பெருமூச்சு விட்டால் ரேக்குப் பறந்துவிடும் அல்லவா.

ஒரு கல்லுக்கு இவ்வளவு. அந்த ராக்கொடியில் கற்களை எண்ணிப் பார்த்தேன். நாற்பத்து மூன்று இருந்தன.

ஊர் திரும்பும் பேருந்தில் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு சொல், செய்கூலி. நம் ஊரில் நகை வாங்கும் எவருக்கும் அது தெரிந்த சொல்தான், ஆனால் நாம் அதை உச்சரிப்பதே குறைக்கச் சொல்வதற்காகத்தான். பவுன் விலை என்ன என்று கேட்டுத் தலையாட்டி ஏற்றுக்கொள்கிறோம். எட்டுக் கிராமுக்கு அன்றைய சந்தை சொல்லும் விலையில் ஒரு ரூபாய்கூடப் பேரம் பேசுவதில்லை. சேதாரம், செய்கூலி என்ற இரண்டு வரிகளுக்கு வந்ததும் மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்காருகிறோம். செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை என்று விளம்பரப் பலகை வைக்கும் அளவுக்குக் கடைகளும் நம் மனத்தைப் படித்து வைத்திருக்கின்றன. இது எத்தகைய வாக்கியம் என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. கையால் செய்த ஒரு பொருளில் கைக்கு விலை இல்லை என்பதை ஒரு சலுகையாக நமக்கு அறிவிக்கிறார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. சேதாரம் என்பது எடையில் இத்தனை விழுக்காடு என்று கணக்கிடப்படுவதால், தங்கம் விலை ஏறும்போதெல்லாம் அந்தத் தொகையும் தானாக ஏறுகிறது. பட்டறையில் உட்கார்ந்திருப்பவரின் கூலி அதே வேகத்தில் ஏறியதாக நான் பேசிப் பார்த்த எவரும் சொல்லவில்லை.

பொற்கொல்லர்மீது நமக்கு இருக்கும் பழைய சந்தேகமும் இதில் கலந்திருக்கிறது. தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்று பழமொழி சொல்லி வைத்த சமூகம் நாம். மா என்பது இருபதில் ஒரு பங்கு. அரத்தில் தேய்ந்து, நெருப்பில் கரைந்து, தரையில் தூளாகச் சிந்தி உண்மையிலேயே குறைகிற பொன்னைக்கூடத் திருட்டாகப் பார்த்துப் பழகிவிட்டோம். பட்டறைக்காரர் தரையைக் கூட்டிய குப்பையைக்கூட எறிவதில்லை, அதை வாங்கி அரித்துப் பொன் எடுப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையும், அத்தனைக்குப் பிறகும் கொஞ்சம் காற்றோடு போகத்தான் செய்கிறது என்பதையும் அந்தப் பழமொழி கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

தட்டிக்கேட்க ஆள் இல்லாத தொழில் என்பதற்கு 1963 ஒன்றே போதும். சீனப் போருக்குப் பின் மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள், புதிய நகைகள் 14 காரட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்றன. 22 காரட்டில் பழகிய வீடுகள் நகை செய்வதையே நிறுத்தின. நாடெங்கும் பொற்கொல்லர்கள் ஒரே அடியாக வேலை இழந்தார்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. காரட் வரம்பு சில ஆண்டுகளில் தளர்ந்தாலும், 1968இல் சட்டமாகவே ஆன கட்டுப்பாடு 1990இல்தான் முழுமையாக நீங்கியது. அதற்கடுத்து வந்தவை வார்ப்பு அச்சும் சங்கிலி இயந்திரமும். அவற்றை நான் குறை சொல்லமாட்டேன், என் கழுத்தில் கிடப்பதும் இயந்திரச் சங்கிலிதான்.

வடசேரி நகையை நான் விரும்புவதற்குக் காரணம், இந்தக் கணக்கு அங்கே தலைகீழாக இருப்பதுதான். அதை அடகுக் கடைக்குக் கொண்டுபோனால் வெள்ளியின் எடைக்கு ஏதோ தருவார்கள், அரக்கின் எடையைக் கழித்துக்கொண்டு. உருக்கினால் ஒன்றும் தேறாது. நாம் கொடுக்கிற பணத்தில் பெரும்பகுதி கூலிதான், அதை மறைக்கவும் முடியாது. எங்கள் வீட்டுப் பீரோவில், லாக்கருக்குப் போகாமல், யாருடைய பங்கு எவ்வளவு என்ற பேச்சுக்கும் ஆளாகாமல் இத்தனை வருடம் இருந்த ஒரே நகை இந்த ராக்கொடி. அத்தை அதை என் மகளுக்குக் கொடுத்தபோது எவரும் தராசைத் தேடவில்லை.

சந்தையில் இதே வடிவத்தில், அச்சில் அடித்து, தங்க முலாம் பூசி, கண்ணாடிக் கற்களை ஒட்டிய செட்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. சலங்கை பூஜைக்கு வரும் சின்னக் குழந்தைகளுக்கு அவை போதும்; நாலு மேடையில் முலாம் கறுத்துப்போனாலும் நஷ்டம் இல்லை. அவற்றையே டெம்பிள் ஜுவல்லரி என்று பெயரிட்டு, வடசேரி வேலை என்று சொல்லி விற்பதுதான் எரிச்சலாக இருக்கிறது. வாங்குகிறவர்கள் நகையைத் திருப்பிப் பார்த்தால் பாதி ஏமாற்றம் குறையும். பெரியவரிடம் கற்றுக்கொண்டதிலிருந்து நான் எல்லா நகையையும் திருப்பித்தான் பார்க்கிறேன். கல்யாண வீட்டில் பிறருடைய ஜிமிக்கியின் பின்புறத்தை நான் எட்டிப் பார்ப்பதாக என் கணவர் குறைப்படுகிறார். அது உண்மைதான்.

கிளம்பும்போது, தொலைந்த சந்திரனைப் பற்றிச் சொல்லி, சூரியனுக்கு இணையாக ஒன்று செய்ய முடியுமா என்று கேட்டேன். அவர் சூரியனை வாங்கி ஒரு காகிதத்தில் வைத்துப் பென்சிலால் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டு, கையில் மூன்று செட் வேலை இருப்பதாகவும் தை பிறந்த பிறகு வரும்படியும் சொன்னார். கூலியை அவர் சொன்னார், நான் கொடுத்தேன், முன்பணமாகப் பாதி. பழைய கற்களின் சிவப்புக்குப் புதுக் கல் ஒத்துப்போகாது, கொஞ்சம் வித்தியாசம் தெரியத்தான் செய்யும் என்று இரண்டு தடவை எச்சரித்தார். தெரியட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.