நின்றதா, நிறுத்தி வைத்ததா?

இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் வேலை பார்ப்பவனிடம் வரும் புகார்களில் பாதி இப்படித்தான் தொடங்கும்: "விஎம் ஸ்டக் ஆயிருச்சுங்ணா." விஎம் என்பது கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி. போய்ப் பார்த்தால் கறுப்புத் திரை, மேல் மூலையில் ஒரு கோடு, அதுவும் சிமிட்டாது. பிழை தேட உதவும் டிபக்கரை இணைக்கும் வரை ஒழுங்காக பூட் ஆன விஎம், இணைத்த பிறகு இப்படி.

எங்கள் அலுவலகம் கோவையில் சரவணம்பட்டிப் பக்கம். சோமனூர், பல்லடம் வட்டாரத்துத் தறிக் கூடங்களுக்காக ஒரு பெட்டி செய்கிறோம். தறி எத்தனை பிக் (ஊடை இழை) ஓடியது, எப்போது நின்றது, பாவு அறுந்து நின்றதா ஊடை அறுந்து நின்றதா என்றெல்லாம் கணக்கெடுத்து அனுப்பும். உள்ளே லினக்ஸ் ஓடுகிறது. தறியின் சிக்னலைப் படிக்க ஒரு பிசிஐ கார்டு, அதைக் கெர்னலோடு பேசவைக்க நாங்களே எழுதிய டிரைவர். கார்டு எல்லோர் மேசைக்கும் கிடைக்காது. அதனால் அந்தக் கார்டைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு மாடலை, விஎம்களை ஓட்டும் க்யூஎமு என்ற மென்பொருளில் எழுதி, டிரைவரை விஎம்மில் ஓட்டிப் பார்க்கிறோம். தறிக்காரர்களுக்கு இந்தக் கதை எதுவும் தேவையில்லை. "ஏனுங்க, பொட்டி எப்பத்தான் வருமுங்க?" அவ்வளவுதான் அவர்கள் கேள்வி.

புகார் சொன்ன தம்பி புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன், கோபிப் பக்கம் தோட்டத்துக்காரன். அதனால் போர் மோட்டாரை வைத்தே பேசினேன். தொட்டியில் தண்ணீர் விழவில்லை என்றால் உடனே மோட்டாரை மேலே ஏற்றுவார்களா? முதலில் ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால், ஒரு பேஸ் போய் மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டு நிற்கிறதா. அதுவும் இல்லையென்றால், மோட்டார் நன்றாக ஓடி, பைப் விட்டுப்போய்த் தண்ணீர் வேறெங்கோ கொட்டுகிறதா. "அதானுங்ணா, மொதல்ல ஸ்டார்ட்டரு" என்றான். விஎம்மும் இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும். எது என்று தெரியாமல் நிரலைத் திறப்பது வீண் வேலை.

ஸ்டார்ட்டரிலிருந்தே தொடங்குவோம். க்யூஎமுவைக் கிளப்பும் கட்டளையில் இரண்டு எஸ் உண்டு. சின்ன எஸ் கொடுத்தால் 1234 என்ற போர்ட்டில் ஜிடிபி என்ற டிபக்கர் வந்து இணையலாம் என்று காத்திருக்கும், விஎம் தன்பாட்டுக்கு ஓடும். பெரிய எஸ் கொடுத்தால் சிபியுவையே ஓடவிடாது, டிபக்கரிலிருந்து 'கன்டினியூ' வரும்வரை முதல் கட்டளைகூட நிறைவேறாது. ஒருவர் எழுதிய ஸ்கிரிப்டை இன்னொருவர் காப்பி அடிக்கும்போது இந்தப் பெரிய எஸ் கூடவே வந்துவிடும். அப்புறம் விஎம் உறைந்துவிட்டது என்று புகார். விஎம்மைத் தாங்கும் நிஜக் கணினியில், அதாவது ஹோஸ்டில், யார் எவ்வளவு சிபியு எடுக்கிறார்கள் என்று காட்டும் 'டாப்' ஓட்டிப் பார்த்தால் க்யூஎமு கிட்டத்தட்ட சிபியுவே எடுத்திருக்காது. அது உறையவில்லை, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

விண்டோஸ் பக்கமும் இதே கதைதான். அங்குள்ள டிபக்கரான விண்டிபக்கிடம் பூட்டின் தொடக்கத்திலேயே பிரேக் போடச் சொல்லியிருந்தால், தன் சாளரத்தில் 'ஜி' (ஓடு) வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கும். நம் கண்ணோ விஎம் திரையில். சில சமயம் விண்டிபக் மைக்ரோசாஃப்ட் சர்வரிலிருந்து, எந்த முகவரியில் எந்த பங்ஷன் என்று சொல்லும் சிம்பல் கோப்புகளை இறக்கிக்கொண்டு 'பிஸி' என்று நிற்கும். நெட் மெதுவாக இருந்தால் அவ்வளவு நேரமும் விஎம் அசையாது. விஎம்களை ஓட்டும் இன்னொரு மென்பொருளான விஎம்வேரில் வேறொரு தொல்லை. விர்ச்சுவல் பிரிண்டர் முதல் சீரியல் போர்ட்டைப் பிடித்துக்கொண்டால், டிபக்கருக்காக நாம் சேர்க்கும் போர்ட் இரண்டாவதாகிவிடும். பூட் அமைப்பிலோ 1 என்றே எழுதியிருப்போம். பிரிண்டரைத் தூக்கிவிட்டால் தீர்ந்தது.

இதுவரை சுலபம். 'டாப்' நம்மை ஏமாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. லினக்ஸில் கேஜிடிபி என்ற டிபக்கர் 2008-இல், 2.6.26 பதிப்பில், கெர்னலுக்குள்ளேயே வந்தது. அதற்கு 'கேஜிடிபிவெயிட்' என்று ஒரு பூட் வார்த்தை, அதாவது கெர்னலைக் கிளப்பும்போது பூட் வரியில் கொடுக்கும் சொல். அதைக் கொடுத்தால் கெர்னல் பாதி பூட்டில் நின்று சீரியல் போர்ட்டில் ஆள் வருகிறதா என்று பார்த்திருக்கும். சும்மா உட்கார்ந்து பார்த்திருக்காது, இண்டரப்டை (சிபியுவைக் குறுக்கிட்டுக் கூப்பிடும் சிக்னலை) அணைத்துவிட்டுப் போர்ட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஹோஸ்டில் ஒரு சிபியு 100% காட்டும். பார்ப்பவர் ஏதோ லூப்பில் மாட்டிக்கொண்டது என்றே நினைப்பார். விஎம்வேர் சீரியல் போர்ட் அமைப்பில் 'போர்ட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது சிபியுவை விட்டுக்கொடு' என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி இருப்பது இந்த மாதிரி நேரத்துக்குத்தான். ஆகவே 100% என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. பூட் வரியை ஒருமுறை முழுதாக வாசித்துவிட வேண்டும்.

பைப் விட்டுப்போன வகைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செய்திகளை அடக்கும் 'கொயட்' என்ற வார்த்தை பூட் வரியில் இருக்கும், அல்லது கெர்னல் செய்திகள் வரும் கன்சோல் திரைக்குப் போகும், நாம் சீரியலைப் பார்த்துக்கொண்டிருப்போம். கன்சோலை முதல் சீரியல் போர்ட்டான டிடிஒய்எஸ்0-க்குத் திருப்பி, தொடக்கத்திலிருந்தே அச்சிடச் சொல்லும் 'எர்லிபிரிண்ட்கே'யும் சேர்த்துவிட்டால் பேச ஆரம்பித்துவிடும்.

அன்றைக்குத் தம்பியின் விஎம்மில் பெரிய எஸ் இல்லை, கேஜிடிபிவெயிட் இல்லை, கன்சோலும் ஒழுங்காகச் சீரியலுக்கு வந்தது. ஆர்டிசி கடிகாரம் பதிவானது என்று ஒரு வரி, அதோடு சரி. ஹோஸ்டில் 100%. அவன் ஆர்டிசி டிரைவரைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தான். புதிதாக வருகிற எல்லோரும் போகிற வழி அது. கடைசியாக அச்சான வரி, நன்றாக முடிந்த வேலையின் ரசீது. குற்றவாளி அதற்கு அடுத்து, இன்னும் வாயைத் திறக்காமல் இருக்கும். அடுத்தது யார் என்று தெரிய 'இனிட்கால் டிபக்' என்ற பூட் வார்த்தையைச் சேர்த்தோம். ஒவ்வொரு டிரைவரின் தொடக்கத்தையும் கூப்பிடும் முன் ஒரு வரி, அது திரும்பியதும் ஒரு வரி. இந்த வரிகள் டிபக் நிலையில் அச்சாவதால், லாக் லெவலைக் கண்டுகொள்ளாதே என்றும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது.

ஓட்டினோம். கூப்பிட்டேன் என்ற கடைசி வரியில் எங்கள் டிரைவரின் பெயரே வந்து நின்றது. திரும்பிய வரி வரவில்லை.

டிபக் செய்ய வசதியாக இருக்கும் என்று அவன் டிரைவரைப் பிறகு தனியே ஏற்றும் மாட்யூலாக வைக்காமல் கெர்னலோடு சேர்த்தே கட்டியிருந்தான். அது நல்ல முடிவு, மாட்யூல் எந்த முகவரியில் ஏறியது என்று ஜிடிபிக்குத் தனியாகச் சொல்லும் வேலை மிச்சம். ஆனால் ஜிடிபியை இணைத்துக் கன்ட்ரோல்-சி அடித்தபோது வந்த அடுக்கு (எந்த பங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்) முழுக்கக் கேள்விக்குறிகள். கெர்னல் ஒவ்வொரு பூட்டிலும் தன்னை நினைவகத்தில் வேறு வேறு இடத்தில் வைத்துக்கொள்ளும் கேஏஎஸ்எல்ஆர், 4.12 பதிப்பிலிருந்து எக்ஸ்86-இல் தானாகவே இயங்குகிறது. ஜிடிபியிடம் இருந்த முகவரிகள் வேறு, கெர்னல் இருந்த இடம் வேறு. பூட் வரியில் அதை அணைத்தோம். பூட்டின் தொடக்கத்திலேயே பிரேக்பாயிண்ட் வைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி: சாதாரண பிரேக்பாயிண்ட் என்பது நினைவகத்தில் ஒரு பைட்டை மாற்றி எழுதுவது. சுருக்கி வைத்த கெர்னல் பிறகு தன்னை விரித்து அதே இடத்தில் எழுதும்போது அந்த பைட் அழிந்துபோகும். அங்கே ஹார்டுவேர் பிரேக்பாயிண்ட்தான் நிற்கும். எக்ஸ்86-இல் அது மொத்தம் 4, அதனால் யோசித்துச் செலவழிக்க வேண்டும்.

இந்த முறை அடுக்கு தெளிவாக வந்தது. கார்டைக் கண்டதும் ஓடும், டிரைவரின் ப்ரோப் பங்ஷனுக்குள், கார்டின் நிலை ரெஜிஸ்டரைப் படிக்கும் ஒரு 'வைல்' லூப். மறுபடி ஓடவிட்டு, மறுபடி நிறுத்தினாலும் அதே இரண்டு மூன்று வரிகளுக்குள்தான். கார்டை ரீசெட் செய்தபின் அதிலுள்ள சிப் தயாரானதும் ஒரு பிட்டை 1 ஆக்க வேண்டும். டிரைவர் அதற்குக் காத்திருக்கிறது. நிஜக் கார்டில் கண் இமைப்பதற்குள் அது நடந்துவிடும். எங்கள் மாடலில் ரீசெட் அந்த பிட்டை 0 ஆக்கியது. அதைத் திரும்ப 1 ஆக்க யாரும் எழுதவில்லை.

"அப்புறம் ஏனுங்ணா கெர்னல் ஒண்ணுமே கத்தல?" என்று கேட்டான். சரியான கேள்வி. லூப்பைச் சுற்றி, ஒரே நேரத்தில் இருவர் நுழையாமல் காக்கும், இண்டரப்டையும் அணைக்கும் ஸ்பின்லாக் இருந்தது. சிபியு சுமார் 20 விநாடி விட்டுக்கொடுக்காமல் சுற்றினால் 'சாஃப்ட் லாக்கப்' என்று கெர்னல் எச்சரிக்கும், ஆனால் அந்தக் காவலுக்கே டைமர் இண்டரப்ட் வேண்டும். இண்டரப்ட் இல்லாமலும் பிடிக்கிற 'ஹார்டு லாக்கப்' காவலை, லினக்ஸின் விஎம் வசதியான கேவிஎம்மில் விருந்தாளியாக, அதாவது விஎம்முக்குள், ஓடும் லினக்ஸ் வழக்கமாகத் தானே அணைத்துவிடும். மிச்சம் இருப்பது, ஒரு சிபியு நெடுநேரம் பதில் தராவிட்டால் வரும் ஆர்சியு ஸ்டால் எச்சரிக்கை. அதைச் சொல்ல இன்னொரு சிபியு வேண்டும், தம்பி விஎம்முக்கு ஒரே ஒரு சிபியுதான் கொடுத்திருந்தான். காவலர்கள் எல்லோரையும் வரிசையாக வீட்டுக்கு அனுப்பியாயிற்று, யார் கத்துவது? சிபியுவை 2 ஆக்கி ஓட்டியதும் அரை நிமிடத்துக்குள் ஆர்சியு ஸ்டால் வந்தது, அடுக்கோடு. ஜிடிபியே தேவைப்பட்டிருக்காது.

பேக்கரியில் டீ குடிக்கும்போது இது வாதமாகிவிட்டது. மாடலை எழுதியவர், "மாடல்ல ஒரு வரி போட்டா முடிஞ்சுதுங்க, டிரைவரு நிஜக் கார்டுல ஓடுதில்ல" என்றார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தறிக் கூடத்து அதிர்வில், பஞ்சுத் தூசியில், அந்தச் சிப் ஒருநாள் எழாமல் போகும். அன்று பெட்டி பூட்டிலேயே நின்றுவிடும், பல்லடத்தில் அதைத் திறந்து பார்க்க யாரிடமும் ஜிடிபி கிடையாது. அதைவிட மோசமானது இன்னொன்று. கார்டு கழன்றே போனால், இல்லாத பிசிஐ கார்டைப் படிக்கும்போது எல்லா பிட்டும் 1 என்று வரும். தயார் பிட்டும் 1. டிரைவர் சந்தோஷமாக மேலே போய், ஓடாத தறிக்குப் பிக் கணக்கு எழுதும். இதைச் சொன்ன பிறகுதான் அவர் பப்ஸைக் கீழே வைத்தார்.

இரண்டையும் மாற்றினோம். ப்ரோப் நேரத்தில் அந்தக் கார்டைத் தொட வேறு யாரும் இல்லை என்பதால் லாக்கை எடுத்துவிட்டு, லூப்புக்குப் பதில் கெர்னலிலேயே இருக்கும், நேரக்கெடு வைத்து ரெஜிஸ்டரைப் படிக்கும் மேக்ரோவைப் போட்டோம். கெடு தாண்டினால் 'கார்டு தயாராகவில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பிழையோடு திரும்பும், பூட் தொடரும். எல்லா பிட்டும் 1 என்று வந்தால் கார்டே இல்லை என்று எடுத்துக்கொள்ளும். மாடலை மட்டும் அன்று மாலைவரை திருத்தவில்லை, இந்தப் பிழை வழி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல கார்டு கிடைக்காது.

ஓட்டினான். கார்டு தயாராகவில்லை என்ற வரி வந்தது, அதைத் தாண்டி மளமளவென்று நிறைய வரிகள், கடைசியில் கெர்னல் பேனிக் (மேலே ஓட முடியாமல் கெர்னல் தானே நின்றுவிடுவது): ரூட் கோப்பு முறையை ஏற்ற முடியவில்லை, தெரியாத பிளாக், 0, 0. தம்பியின் முகம் வாடிவிட்டது. எனக்கென்னவோ பேனிக்கைப் பார்த்தால் நிம்மதிதான், தன் நோயைத் தானே சொல்லிவிட்டு விழுகிறது. அந்த இரண்டு 0-க்கும் பொருள், அப்படி ஒரு டிஸ்க்கே கெர்னலின் கண்ணில் படவில்லை என்பது. கெர்னலில் எவை சேர வேண்டும் என்ற பட்டியலான கன்பிக்கை எதற்குக் குறைத்தாய் என்று கேட்டேன். "சீக்கிரம் கம்பைல் ஆகட்டும்னுங்ணா." விஎம்மின் டிஸ்க்கைப் படிக்கும் விர்ட்அயோ பிளாக் டிரைவருக்கு நேரே இருந்த டிக்கையும் சேர்த்து எடுத்திருந்தான். அதைப் போட்டுவிட்டு மறுபடி மேக் கொடுத்துக் கம்பைல் செய்யச் சொன்னேன்.